சீனியாரிட்டி தலைகீழ்!

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கோரஸ் பாட நின்றிருந்தேன். பாட்டு டீச்சர் என் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். ‘‘நீ வாயை மட்டும் அசைச்சா போதும்ப்பா’’ என்றார். அசைத்தேன். அதற்கப்புறம் பாத்ரூமில்கூட நான் பாடியதில்லை!

அப்படிப்பட்ட எனக்கு, லண்டனில் இருந்த ஒரு இசைக்குழுவைப் பற்றித் தெரிந்தபோது கோபமே வந்தது. இதை முன்னாடியே யாராவது சொல்லக் கூடாதா?

பெயர் ஸ்க்ராட்ச் ஆர்க்கெஸ்ட்ரா. 1969-ல் கார்னீலியஸ் கார்டியூ, மைக்கேல் பார்சன்ஸ், ஹோவர்ட் ஸ்கெம்ப்டன் மூவரும் ஆரம்பித்தது. கார்டியூ லேசுப்பட்ட ஆளில்லை. ராயல் அகாடமியில் படித்தவர். ஸ்டாக்ஹவுஸனிடம் உதவியாளராக இருந்தவர். கோடும் வட்டமுமாக 193 பக்கத்துக்கு ஒரு இசைக்குறிப்பு வரைந்தவர். அவரே, ‘யார் வேணும்னாலும் வரலாம்’ என்று கதவைத் திறந்துவிட்டார். தேர்ந்த இசைக்காரர்களும் வந்தார்கள், நோட்டு படிக்கத் தெரியாதவர்களும் வந்தார்கள். சம்பளம்? மூச்!

ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க: கச்சேரியைத் திட்டமிடும் வாய்ப்பு முறை வைத்து எல்லோருக்கும் உண்டு. முதல் சான்ஸ், வயதில் ரொம்பச் சின்னவருக்கு! நம்ம ஆபீஸில் இப்படி ஒரு சர்க்குலர் வந்தால் ஹெட்கிளார்க் மயக்கம் போட மாட்டாரா?

கார்டியூவின் ‘தி கிரேட் லேர்னிங்’ ஏழாம் பகுதியைக் கேட்டேன். கன்ஃபூஷியஸ் வாசகம். விதி ரொம்ப எளிசு. முதல் வரியை ஒவ்வொருவரும் தனக்கு வந்த ஸ்வரத்தில், மூச்சு தாங்குகிற வரை பாட வேண்டும். அடுத்த வரிக்கு, சுற்றி இருப்பவர்கள் பாடுவதில் காதில் விழுகிற ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதட்ட கண்டக்டர் கிடையாது. ஆரம்பத்தில் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கிறது. போகப் போக இரைச்சல் வடிந்து, சில ஸ்வரங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குரல் நல்லா இருக்கணும்னு அவசியமில்லை. பக்கத்து ஆளைக் காது கொடுத்துக் கேட்கணும், அவ்வளவுதான்!

கதை சுபமாக முடியவில்லை. ‘இந்த இசையால் தொழிலாளிக்கு என்ன பிரயோஜனம்?’ என்று உள்ளுக்குள்ளேயே அரசியல் சண்டை. சில வருஷத்தில் குழு கலைந்தது. 1981 டிசம்பரில் லண்டனில் கார் மோதி கார்டியூ இறந்தார். மோதிய வண்டி நிற்கவில்லை. அவருக்கு வயது 45.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இசையை ஓடவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஒரு ஸ்வரம் பிடித்தேன். சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

‘‘என்னங்க, நெஞ்சு வலியா?’’

‘‘இல்லை... பாடறேன்.’’

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள்.

‘‘அதுக்கு ஏன் கதவைச் சாத்தணும்? திறந்து வெச்சே பாடுங்க!’’