மகள் எழுதியதை அடித்தேன், மாமியார் திருத்தினார்!

பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை, நம்மில் பலருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அந்த ஆசையில் நான் செய்த ஒரு தவறையும், அதை என் மாமியார் சரி செய்த விதத்தையும் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ளவே இக்கடிதம்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். கணவரின் வேலை காரணமாக, 2003ல் இங்கிலாந்து வந்து, லெஸ்டர் நகரில் குடியேறினோம். மாமனார் காலமானதும், 2008ல் மாமியாரையும் எங்களோடு அழைத்து வந்து விட்டோம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்திதான் அவருக்கு வாயும், காதும்.

நம் ஊரில் மருத்துவப் படிப்புக்கு, 'நீட்' மதிப்பெண் இருந்தால் போதும். 'நீ ஏன் டாக்டராக விரும்புகிறாய்?' என்று யாரும் கேட்பதில்லை. இங்கே மதிப்பெண், 'யூகேட்' என்ற தேர்வு, நேர்காணல் இவற்றோடு, 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' என்று ஒன்றையும் எழுதித் தர வேண்டும். தன்னைப் பற்றித் தானே எழுதும் கடிதம் மாதிரி. எழுத்து, இடைவெளி, புள்ளி, கமா எல்லாம் சேர்த்து 4,000க்கு மேல் போகக் கூடாது. ஒரே கடிதம்தான், விண்ணப்பிக்கும் எல்லாக் கல்லூரிக்கும் போகும். மருத்துவத்திற்கு நான்கு கல்லூரிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

2024 கோடை விடுமுறையில், என் மகள் முதல் பிரதியை எழுதி, என்னிடம் நீட்டினாள். படித்ததும் எனக்கு முகம் சிவந்து விட்டது.

விஷயம் இதுதான். 2019ல் அத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கணவர் வெளியூரில். நான் வேலை பார்க்கும் கடையில் லீவு கிடைக்கவில்லை. பள்ளி விடுமுறைதானே என்று, 12 வயது மகளை அத்தையோடு அனுப்பி விட்டேன்.

'சிறுநீரகம் கொஞ்சம்தான் வேலை செய்கிறது. ஓரிரு வருடத்தில் டயாலிசிஸ் தேவைப்படலாம். உப்பை உடனே குறைக்க வேண்டும்' என்று டாக்டர் அம்மா விளக்கியிருக்கிறார். இதை ஆச்சியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், 'மாத்திரையை ஒழுங்கா சாப்பிடச் சொல்றாங்க ஆச்சி' என்று மட்டும் சொல்லி, கூட்டி வந்து விட்டாள் மகள். எங்களிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்த பிறகுதான், எங்களுக்கு உண்மை தெரிந்தது. அதுவரை அத்தை, நார்த்தங்காய் ஊறுகாயும், அப்பளமுமாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

இதைத்தான் மகள் எழுதியிருந்தாள். 'நோயாளியிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அன்று தெரிந்து கொண்டேன்' என்று.

''பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் கொடுத்தா, எவன் உனக்கு சீட் கொடுப்பான்? வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லணுமா?'' என்று கத்தி, அந்தப் பத்தி முழுவதையும் அடித்து விட்டேன். அவள் எதுவும் பேசாமல், தாளை வாங்கிக் கொண்டு போனாள்.

உண்மையைச் சொன்னால், அவள் பொய் சொன்னதற்காக அல்ல. சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்பிய தாய் என்று, என்னைப் பற்றி நினைப்பார்களே என்ற பயம்தான் எனக்கு.

அதன் பிறகு, ஆளாளுக்குக் கருத்துக் கேட்டேன். டாக்டராக இருக்கும் உறவினர் ஒருவர், 'பெரிய பெரிய வார்த்தையா போடு' என்றார். தோழி ஒருத்தி, 'பரதநாட்டியம், பியானோ, வாங்கின பரிசு ஒன்று விடாமல் எழுது' என்றாள். இன்னொருவர், 'நடனமெல்லாம் எதற்கு, எடு' என்றார். கடைசியில், பணம் வாங்கிக் கொண்டு திருத்தித் தருபவர் ஒருவரிடம், 80 பவுண்டு கொடுத்தோம். இரண்டே நாளில், 'சிறு வயது முதலே மருத்துவம் என் மூச்சு' என்ற பாணியில், பளபளவென்று வந்து சேர்ந்தது. எனக்கோ பரம திருப்தி.

பள்ளியில் உயிரியல் ஆசிரியை அதைப் படித்து விட்டு, ஒரு திருத்தமும் போடவில்லை. ''நல்லா இருக்கு, ஆனா, இது யாருது?'' என்று மட்டும் கேட்டாராம். பிறகு, 'வாய் விட்டு வாசி' என்றிருக்கிறார். நாலு வரி வாசிப்பதற்குள் மகளுக்கு அழுகை வந்து விட்டதாம்.

அன்று இரவு, சமையலறையில் வந்து நின்றாள். ''அம்மா, நான் ஏன் டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்றேன்னு, நீ ஒரு தடவைகூட கேட்கலையேம்மா,'' என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ''சரி, இப்ப சொல்லு,'' என்றேன்.

தமிழிலேயே சொன்னாள். முதியோர் இல்லத்தில், சனிக்கிழமைதோறும் தொண்டு செய்யப் போனபோது, காது கேட்காத ஒரு பாட்டிக்கு, நர்ஸ் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, மெதுவாக, எல்லாவற்றையும் விளக்கினாராம். 'அன்னிக்கு ஆச்சிக்கு நான் இப்படித்தானே சொல்லியிருக்கணும்னு தோணுச்சும்மா' என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் காதில், இதெல்லாம் விழுந்திருக்கிறது. 2021லிருந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து கொள்பவர். மெல்ல நடந்து வந்தார்.

''ஏளா, அன்னைக்கே எனக்குத் தெரியும். டாக்டரம்மா அஞ்சு நிமிஷம் பேசினா. நீ ஒத்த வரியில முடிச்சிட்டே. சங்கதி பெருசுன்னு தெரியாதாக்கும்? பச்சப்புள்ள தவிக்காளேன்னுதான் நான் கேக்கல,'' என்றார். பின், என் பக்கம் திரும்பி, ''அவ எழுதினதை ஏன் அடிச்சே? நடந்ததைத்தானே எழுதியிருக்கா,'' என்றார்.

அத்தை முன் நான் வாயடைத்துப் போய் நின்றது, அதுதான் முதல் தடவை.

அடித்த பத்தி, திரும்ப வந்தது. பளபளப்பெல்லாம் போனது. அக்டோபர் 15, கடைசி நாள். அதற்கு முன்பே, பள்ளி மூலம் அனுப்பி விட்டோம்.

நான்கில் இரண்டு கல்லூரிகள், நேர்காணலுக்கே அழைக்கவில்லை. இரண்டில் அழைத்தார்கள். ஒன்றில், 'ஆச்சியிடம் இன்று சொல்வதானால், எப்படிச் சொல்வாய்?' என்று கேட்டார்களாம். சொந்தக் கதையாயிற்றே, தடுமாறாமல் பதில் சொல்லியிருக்கிறாள். அங்கேயே இடம் கிடைத்து, 2025 செப்டம்பரில் சேர்ந்து விட்டாள். கடிதத்தால்தான் இடம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். சில கல்லூரிகள், இதற்கு மதிப்பெண்ணே போடுவதில்லை. ஆனால், அவள் எழுதியது அவளுடையதாக இருந்தது, அது போதும்.

வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

* கருத்துக் கேட்பது நல்லதுதான். ஆனால், இரண்டு, மூன்று பேர் போதும். பிள்ளையை நன்கு அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர் என்று இருக்கட்டும்.

* 'இப்படி மாற்று' என்பவரை விட, 'இங்கே நீ என்ன நினைத்தாய்?' என்று கேட்பவரே நல்ல வழிகாட்டி.

* எத்தனை இடத்தில் தொண்டு செய்தோம் என்ற பட்டியலை விட, ஓர் இடத்தில் என்ன கற்றோம் என்பதே முக்கியம். நோயாளிகளின் பெயர், அடையாளம் எழுதக் கூடாது.

* பிறர் எழுதியதைப் பார்த்து எழுத வேண்டாம். நம்முடையதைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம். விண்ணப்பங்களை வாங்கும், 'யூகாஸ்' அமைப்பு, ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறதா என்று, கம்ப்யூட்டரில் சோதிக்கிறது.

* 2026ல் சேர்பவர்களிலிருந்து, ஒரே கடிதம் என்பது போய், மூன்று கேள்விகளாக மாற்றி விட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, படித்தவை எப்படித் தயார்படுத்தின, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள். மொத்தம், அதே 4,000 தான்.

* முக்கியமாக ஒன்று... இங்குள்ள மருத்துவமனைகளில் கேட்டால், மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்து தருகிறார்கள். பெரியவர்களின் நோயைச் சொல்லும் பாரத்தை, பிள்ளைகளின் தலையில் வைக்காதீர்கள். 2019ல் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போதெல்லாம் மகள் விடுமுறைக்கு வந்தால், ஆச்சிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை, ஒரு வரி விடாமல் தமிழில் விளக்குகிறாள். அத்தையும் பொறுமையாகக் கேட்டு விட்டு, ''எல்லாம் சரி, ஊறுகா ஒரு துண்டு திங்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு மொதல்ல,'' என்கிறார்.

''கூடாது ஆச்சி,'' என்கிறாள், முகத்துக்கு நேராக.

— ஒரு வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து.