விட்டுவிடும் வித்தை

எங்கள் மல்காஜ்கிரியிலேயே, மிர்ஜால்குடாப் பக்கத்தில் வசிக்கும் அன்பர் ஒருவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். தெலுங்கில் பேச்சு சரளம், வாசிப்பதில் மட்டும் இன்னும் எழுத்துக் கூட்டுகிற நிலை. ஆயினும் ஈநாடு பத்திரிகை கைக்கு வந்த மாத்திரத்தில், தலைப்புச் செய்திகளை எல்லாம் தாண்டிக்கொண்டு, ஸ்ரீதர் என்ற சித்திரக்காரர் 'இதீ சங்கதி' என்னும் பெயரில் வரைந்துவந்த சிறு கட்டத்தையே முதலில் தேடுவது அவருடைய வெகுகால வழக்கமாம். நாற்பது வருஷப் பணிக்குப் பின் 2021-ல் ஸ்ரீதர் அப்பத்திரிகையை விட்டு விலகிவிட்டார். வெட்டி வைத்திருக்கும் பழைய கட்டங்களை இப்போது எடுத்துப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறதே, அன்றைய தலையங்கங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லையே, இதற்குக் காரணம் என்ன என்பது அவர் கேள்வி.

கேலிச்சித்திரம் என்றால் இன்னது என்று விளக்கப் புகுந்தால் வாசகர்கள் என்னையே கேலி செய்வார்கள். பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' வாரப் பத்திரிகை 1906-ம் ஆண்டு தொடங்கிச் சில காலத்துக்குள்ளேயே தமிழனுக்கு அதை அறிமுகம் செய்துவிட்டது. அன்பர் கேட்பது பக்கத்தை அடைக்கும் பெரிய அரசியல் சித்திரத்தைப் பற்றி அன்று; ஒரு பத்தியின் அகலத்துக்குள் அடங்கிவிடும் பாக்கெட் கார்ட்டூனைப் பற்றி. லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் 1939-ம் ஆண்டு ஆஸ்பர்ட் லங்காஸ்டர் தொடங்கிவைத்த இந்த வடிவத்தை நம் தேசத்தில் நிலைநிறுத்தியவர், 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் 'யூ செட் இட்' வரைந்த ஆர்.கே. லக்ஷ்மண்.

என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இருப்புப்பாதை தெரியும். மெதுவாக நகரும் ரயில் வண்டியின் திறந்த கதவொன்று கண்முன் கடந்து செல்லும் அந்த ஒரு கணத்தில், உள்ளே ஒருவர் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்பதும், அவருக்குக் கீழே அமர்ந்திருப்பவர் மேலே நோக்கியவண்ணம் இருப்பதும் தென்படும். அதற்கு முன் நடந்த வாக்குவாதத்தையும் பின்னால் நிகழப்போகும் விபத்தையும் நானே கற்பித்துக்கொள்கிறேன். ஒற்றைக் கட்டச் சித்திரக்காரன் செய்வது இதுதான். பெட்டி விழுந்த பிறகு வரைந்தால் அது வெறும் விபத்து. தூக்குவதற்கு முன் வரைந்தால் வெறும் பிரயாணம். எந்தக் கணத்தில் கதவைத் திறப்பது என்பதிலேயே அவனுடைய சாதுர்யம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், நம் வாரப் பத்திரிகைகள் ஜோக் என்ற பெயரில் வெளியிட்டவற்றில் பெரும்பகுதி தேறாது என்பது என் அபிப்பிராயம். இருவர் எதிரெதிரே நிற்பார்கள். கீழே இரண்டு வரி சம்பாஷணை இருக்கும். படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு வாசித்தாலும் ஹாஸ்யத்தில் ஒரு குறையும் நேராது. சித்திரம் அங்கே கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமலே திரும்பிப்போகிறது! ஆனந்த விகடனில் மாலி அமைத்துக் கொடுத்த பாதையில் வந்த கோபுலு இதற்கு நேர்மாறானவர். 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் சித்திரப் பள்ளியில் பயின்று, 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு உருவம் கொடுத்த அதே கை, ஓர் எழுத்துக்கூட இல்லாத ஹாஸ்யச் சித்திரங்களையும் வரைந்தது. அவற்றில் மறைப்பதற்கு வார்த்தையே இல்லை. கண் ஒவ்வொரு முகமாகச் சென்று, திண்ணையையும் வாசலையும் கடந்து, கடைசியில் விஷயத்தைத் தானே கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்த பெருமை வாசகனுடையதாகிவிடுவதால்தான் அந்தச் சிரிப்பு அவனை விட்டுப் போவதில்லை.

இந்தச் சிக்கனத்துக்கு அச்சுக்கூடமும் ஒரு காரணம். அக்காலத்தில் இந்தியன் இங்க்கில் பெரிதாக வரைந்த சித்திரத்தைப் புகைப்படம் எடுத்து, அளவைக் குறுக்கி, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து 'பிளாக்' செய்வார்கள். மட்டரகமான செய்தித்தாளில் மை பரவும். நெருக்கமாக வரைந்த கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். ஆகவே வேண்டாத கோட்டை விட்டுவிடுவதற்கு ரஸனை இல்லாதவனும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

லக்ஷ்மணுடைய கதையில் விட்டுவிடுதல் இன்னும் சுவாரஸ்யமானது. பாரத ஜனங்களைக் காட்ட வேண்டுமென்று ஆரம்பத்தில் அவர் வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று பிராந்தியத்துக்கு ஒருவராகக் கூட்டம் கூட்டிப் பார்த்தார். சித்திரத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நேரமோ தினந்தோறும் கழுத்தை நெரித்தது. அவகாசம் குறையக் குறையக் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொள்ள, முடிவில் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியும் வழுக்கைத் தலையுமாக ஒரே ஒருவர் மிஞ்சினார். அவரே திருவாளர் பொதுஜனம். ஐம்பது வருஷங்களுக்கு மேல் மந்திரி வீட்டிலும், விமான நிலையத்திலும், குழாயடியிலும் பிரசன்னமாயிருந்தும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் ஏதேனும் ஒரு கட்சியைச் சேர்ந்தவராகியிருப்பார். பேசாததால் பார்க்கிறவர் யாரோ அவருடைய கட்சிக்காரரானார். 1988-ல் அவருக்குத் தபால் தலை வெளியாயிற்று. பின்னர் புணேயில் சிலையும் எழுந்தது. பேசியே பிழைத்த எத்தனையோ பேருக்கு வாய்க்காத மரியாதை அது!

விட்டுவிடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிரியமான உதாரணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1980 முதல் 1995 வரை 'தி ஃபார் சைட்' என்ற விசித்திரமான ஒற்றைக் கட்டங்களை வரைந்துவந்த கேரி லார்சன், 1982-ல் ஒரு பசுவை மேஜையின் பின்னால் நிற்கவைத்தார். மேஜையின்மீது உருத்தெரியாத நாலு சாமான்கள். அவை பசுவின் கருவிகள் என்பதே அடிக்குறிப்பு. பசு கருவி செய்யத் தொடங்கினால் அது செம்மையாக இராது என்பதற்குமேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை. ஆனால் அந்தச் சாமான்களில் ஒன்று மாத்திரம் ரம்பத்தைப் போல அமைந்துவிட்டது. ஒன்று ரம்பமானால் மற்றவையும் ஏதேனும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று தேசமெங்கும் ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, பத்திரிகை ஆபீஸுகளுக்குக் கடிதம் எழுதவும் டெலிபோன் செய்யவும் தொடங்கினார்கள். கடைசியில் சித்திரக்காரரே விளக்கம் வெளியிட நேர்ந்தது. நாலும் உருத்தெரியாமல் இருந்திருந்தால் புரியாத படம் என்று தள்ளியிருப்பார்கள். நாலும் தெளிவாயிருந்தால் ஹாஸ்யமே இல்லை. பாதி தெரிந்த ஒரு ரம்பம் அத்தனை மூளைகளையும் வேலை வாங்கிவிட்டது. அந்தப் படம் தோற்றது என்று லார்சன் வருத்தப்பட்டார். இவ்வளவு காலம் கழித்தும் அதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை நோக்கும்போது, அவருடைய வருத்தத்தை நான் முழுமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இத்தகைய கலைக்கு நாம் செய்யும் உபசாரம் திருப்திகரமாக இல்லை. 'நியூயார்க் டைம்ஸ்' 2019-ல் தன் சர்வதேசப் பதிப்பில் தினசரி அரசியல் சித்திரங்களை நிறுத்தியபோது பலர் அங்கலாய்த்தார்கள். நம் ஊரில் சத்தமின்றி விளம்பரம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டால் அங்கலாய்க்கவும் ஆள் இல்லை. கேரளத்தார், கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிறந்த காயங்குளத்தில் அவருக்குக் கேலிச்சித்திர அருங்காட்சியகமே அமைத்திருக்கிறார்கள். நாமோ தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்யும்போது, அந்தப் பக்கத்துக் கட்டங்கள் தையலுக்குள் போனாலும் கவலைப்படாமல் இருந்தோம். இப்போது கைப்பேசியில் சுற்றிவரும் பழைய சித்திரங்களில் மூலையிலிருந்த கையெழுத்தை வெட்டிவிடுகிறார்கள். கச்சேரியைக் கேட்டுவிட்டு வித்வான் பெயரை விசாரிக்காமல் எழுந்து போகும் வழக்கம் நம்மிடம் இல்லையே, சித்திரக்காரன் மட்டும் என்ன குற்றம் செய்தான்?

அன்பரின் கேள்விக்குப் பாதி விடைதான் சொல்லியிருக்கிறேன். அவருடைய நறுக்குகளிலேயே சில இன்னும் பத்து வருஷத்தில் ஊமையாகிவிடும். மந்திரியின் பெயரையும் அந்த வாரத்து ராஜிநாமாவையும் நம்பிய சித்திரத்துக்குக் காலப்போக்கில் ஓர் உரையாசிரியர் வேண்டியிருக்கும். சாலைப் பள்ளத்தையும் விலைவாசியையும் ரேஷன் வரிசையையும் நம்பிய சித்திரத்துக்கு, நம் அரசாங்கங்களின் கிருபையால், அந்த அவசியம் நேராது. எது எந்த வகை என்பதை இன்றே நிர்ணயிக்க இயலாதாகையால், எல்லாவற்றுக்கும் பின்புறத்தில் தேதியையும் பத்திரிகையின் பெயரையும் வரைந்தவர் பெயரையும் குறித்து, வெளிச்சம் படாத இடத்தில் வைப்பது உத்தமம். வெளிச்சம் பட்டால் செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்கும். பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை மறுபுறம் ஊறிவிடும்.