சாகசக் கையேட்டுக்கு எத்தனை வெள்ளி வைப்பது?

ஜார்ஜ்டவுனில் ஏதாவதொரு காப்பிக்கடை மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் பகடை உருட்டியபடி, "நான் கதவைத் திறக்கிறேன்", "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று பேசிக்கொண்டிருந்தால் சூதாட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். அது டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று முடிவெடுப்பார்கள். கதையை நடத்துபவருக்கு வேண்டிய இடம், ஆட்கள், ஆபத்து, வரைபடம் அனைத்தையும் எழுதி வைத்த சிறு நூல்தான் சாகசக் கையேடு.

இதை எழுதி இணையத்தில் விற்கப் பதிப்பகம் எதுவும் வேண்டாம். விலை வைக்கும் இடத்தில்தான் கை தயங்குகிறது. எனக்கும் தயங்கியது. பொழுதுபோக்காக எழுதியதற்குக் காசு கேட்பதா என்ற கூச்சத்தில் முதல் கையேட்டை இலவசமாகவே வைத்தேன். பலர் பதிவிறக்கினார்கள்; ஆடிப் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை. வரைபடம் போட்டுக் கொடுத்த தம்பிக்கு ஒரு நாசி கண்டார்தான் கூலி. அடுத்த கையேட்டுக்குக் கேட்டபோது, "வேலை இருக்கு அண்ணே" என்று நழுவிவிட்டார். என் உழைப்பை இலவசமாகக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. அவருடையதையும் சேர்த்தல்லவா கொடுத்திருக்கிறேன்!

கூச்சத்துக்குக் காரணமே இல்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டே நண்பர்கள் சேர்ந்து சொந்தப் பணத்தில் அச்சிட்டதுதான். முதல் அச்சு 1,000 பெட்டிகள், விலை 10 டாலர். நம் நாட்டில் எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற பெயரில் தென்கிழக்காசியச் சாயல் கொண்ட கற்பனை ஊர்களைச் சிறு நூல்களாக விற்றார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் அவற்றைத் தேடி வாங்கினார்கள். அந்நூல்களில் எழுத்துக்குச் சமமாக ஓவியமும் பேசும்.

சரி, கணக்குக்கு வருவோம். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் மட்டுமே விற்றால் விலையில் 70 விழுக்காடு எழுதியவருக்கு. வேறிடத்திலும் விற்றால் 65. டிஎம்ஸ் கில்ட் தளத்தில் 50 விழுக்காடுதான், ஆனால் அங்கே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நிறுவனத்தின் சொந்தக் கதை உலகங்களைப் பயன்படுத்தலாம். இட்ச் தளம் வழக்கமாக 10 விழுக்காடு எடுக்கும். அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமாக ஏறக்குறைய 30 காசும் 3 விழுக்காடும் போகும். அதாவது அங்கே ஒரு டாலருக்கு விற்றால் கைக்கு வருவது சுமார் 57 காசு. மலிவாக வைத்தால் அதிகம் விற்கும் என்பவர்கள் இந்த 30 காசை மறந்துவிடுகிறார்கள்.

ஓவியத்துக்கு 300 வெள்ளி கொடுத்ததாகவும், ஒரு டாலர் நான்கு வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். 65 விழுக்காட்டுக் கணக்கில், 5 டாலர் விலைக்குப் பிரதிக்கு 13 வெள்ளி வரும். 24 பிரதிகளில் ஓவியச் செலவு திரும்பிவிடும். ஒரு டாலர் விலை என்றால் 116 பிரதிகள் போக வேண்டும். பெயர் தெரியாத புது எழுத்தாளருக்கு 24 பேர் கிடைப்பதே பெரிது.

உங்கள் எழுத்து நேரத்தையும் இதில் சேர்க்கலாமா? குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளியின்படி மணிக்கு 8 வெள்ளிக்குச் சற்று மேல். அறுபது மணி நேரம் எழுதினால் ஏறக்குறைய 490 வெள்ளி. சேர்த்துப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும், நான் சேர்ப்பதில்லை. பிறருக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்ப வர வேண்டும்.

அச்சுப் பிரதி வேறு கதை. 20 வெள்ளி விலை போட்டு, அச்சுக்கு 6 வெள்ளி செலவானால், புத்தகக் கடை 40 விழுக்காடு எடுத்தபின் மிஞ்சுவது 6 வெள்ளிதான். ஹின் பஸ் டிப்போ போன்ற ஞாயிற்றுச் சந்தையில் நீங்களே விற்றால் 14 வெள்ளி, மேசை வாடகை போக.

ஐந்து டாலர் என்பது நம்மூர் மாணவருக்குச் சில வேளைச் சாப்பாடு. அதற்கும் வழி உண்டு. இட்ச் தளத்தில் பலர், வாங்க முடியாதவர்களுக்கென்று சில பிரதிகளை இலவசமாக ஒதுக்கி வைக்கிறார்கள். விலையும் இறங்காது, கேட்பவரும் வெறுங்கையோடு போகமாட்டார்.

இரண்டாவது கையேட்டுக்கு 5 டாலர் வைத்தேன். தம்பிக்குப் பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டேன். 24-ஆவது பிரதி போக ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வாங்கிய ஒருவர், மூன்றாம் அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டு எழுதியிருந்தார். வரைபடத்தில் அதைப் போட மறந்திருந்தோம். தம்பி அன்றிரவே திருத்தி அனுப்பினார்.