காயமுற்ற காலும் கழகத்தின் கணக்கும்

மாணவ நண்பர்களே, கால்பந்தாட்டத்தில் ஆர்வமுள்ள நீங்கள் அடிக்கடி வாதிடும் வினா ஒன்று உண்டு. ஆட்டத்திறன் மிக்கவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அடிக்கடி காயமுற்று ஆட்டத்தினின்றும் விலகி நிற்கிறார். அத்தகையவரை ஒரு கழகம் பொருள் கொடுத்துத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளலாமா? சேர்க்கலாம் என்போர் அவருடைய திறமையை எடுத்துரைப்பர். கூடாது என்போர் அவர் ஆடாத நாட்களை எண்ணிக் காட்டுவர். இரு சாராரும் உண்மையையே கூறுகின்றனர். எனினும் விடை மட்டும் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

நம் சென்னையிலிருந்தே தொடங்கலாம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள், இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், சென்னையின் எஃப்.சி. கழகம் கோவா அணியை 3-0 என்ற கணக்கில் வென்றது. அந்த மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர் மிசோரத்தைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா; ஒன்றை அடித்தவர் வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ். நான்கு நாட்களுக்குப் பின் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் 3-2 என்று வென்று, சென்னை இரண்டாம் முறையாகக் கோப்பையைக் கைக்கொண்டது.

அடுத்து நிகழ்ந்ததைக் கேளுங்கள். கணேஷ் முழங்காற் காயத்தால் 2018-19 லீக் பருவம் முழுவதும் களமிறங்க இயலவில்லை. கோப்பை வென்ற அதே கழகம் அப்பருவத்தில் பத்து அணிகளுள் கடைசி இடம் பெற்றது. ஜேஜேயும் முழங்காலில் காயமுற்று, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2019-20 பருவம் முழுவதையும் இழந்தார். பின்னர் 2020-ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் பழம்பெருங் கழகமாகிய ஈஸ்ட் பெங்கால் அவரைச் சேர்த்துக்கொண்டது. இந்திய நாட்டு அணிக்காக இருபதுக்கு மேற்பட்ட கோல்களை அடித்தவர், வயதோ இருபத்தொன்பதுதான். ஆயினும் அவரால் அங்கே சில ஆட்டங்களுக்கு மேல் ஆட இயலவில்லை. பழைய வேகமும் திரும்பவில்லை. அணி பதினொன்றில் ஒன்பதாம் இடத்தில் நின்றது. சில ஆண்டுகளில் ஜேஜே ஆட்டத்தை விட்டுப் பொதுவாழ்வில் புகுந்து, 2023-இல் மிசோரம் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அப்படியானால் அக்கழகம் செய்தது தவறா? பலனை மட்டும் கண்டு முடிவின் தகுதியை அளத்தல் முறையன்று. அக்கழகம் அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில்தான் லீக்கில் இடம் பெற்றது. நவம்பரில் போட்டிகள் தொடங்கிவிட்டன. நெடுநாள் போட்டியாட்டம் காணாத ஒரு காலைப் படிப்படியாகப் பழக்குவதற்கு அக்கழகத்திடம் காலம் இல்லை. இதுதான் நாம் கருத வேண்டிய செய்தி. ஆட்டக்காரரின் முழங்காலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், அவரை ஏற்கும் கழகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

காயங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. மோதி விழுந்ததால் ஒருமுறை முறிந்த எலும்பு வேறு. ஆண்டுதோறும் அதே இடத்தில் கிழியும் பின்தொடைத் தசை வேறு. முன்னது நன்கு கூடிவிட்டால் அச்சத்திற்கு இடம் குறைவு. பின்னதோ, ஒருமுறை வந்த இடத்திற்கே மீண்டும் வரும் இயல்புடையது. முழங்காலின் உள்ளே தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் இணைத்து, குறுக்காகச் செல்லும் வலிய நாண் ஒன்று உண்டு. ஓடுபவர் சட்டென்று நின்று திரும்புகையில் கீழெலும்பு முன்னே நழுவாதபடி அது தாங்குகிறது. முற்றும் அறுந்துபோனால் அந்நாண் தானே கூடுவது அரிது. ஆகவே உடலின் வேறோரிடத்திலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து அங்கே பொருத்துவர். புதிய நாண் வலுப்பெறவும், தளர்ந்த தொடைத்தசை பழைய நிலைக்கு வரவும் ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல் வேண்டும். அதற்குமுன் களமிறங்குவோர்க்கு மீண்டும் காயம் நேரும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவர் கண்டறிந்த உண்மை.

எங்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். தொழிலாளர் அந்நீரை வெளியேற்றி, சேற்றை வாரி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவர். அதன் பின்னரே உவர்நீரைப் பாய்ச்சுவர். தரை இறுகுமுன் அவசரப்பட்டுப் பாய்ச்சினால் உப்பு சேற்றோடு கலந்து வரும். நிறமும் கெடும், விலையும் கெடும். குற்றம் பாத்தியுடையதா, பாய்ச்சியவருடையதா?

பொறுத்திருந்து பயன் பெற்ற கழகமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம், நெதர்லாந்தைச் சேர்ந்த ரூட் வான் நிஸ்டல்ராய் என்பவரை வாங்க முனைந்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்காலைப் பற்றி ஐயம் எழவே, உடன்பாடு நின்றுபோயிற்று. உடனடுத்துப் பயிற்சியின்போதே அவருடைய முழங்கால் நாண் அறுந்தது. வேறொரு கழகமாயின், "நல்லவேளை, தப்பினோம்!" என்று மறந்திருக்கும். மான்செஸ்டர் கழகமோ ஓராண்டு காத்திருந்து, 2001-இல் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பவுன் கொடுத்து அவரையே வாங்கியது. ஐந்து பருவங்களில் 219 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 150. முதலில் தயங்கியதும் அறிவுடைமை. பின்னர் வாங்கியதும் அறிவுடைமை. இரண்டுக்கும் இடையே நின்றது காத்திருப்பு.

இனி, பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பருவத்தில் இருபது ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரத் திறனுள்ளவர் இருபதிலும் ஆடி, ஆட்டத்துக்கு இரண்டு மதிப்பெண் வீதம் 40 ஈட்டுகிறார். பெருந்திறனுள்ளவர் பத்தில் மட்டும் ஆடி, நான்கு வீதம் அதே 40 ஈட்டுகிறார். இருவரும் சமம் எனத் தோன்றும். ஆனால் பின்னவர் ஆடாத பத்து ஆட்டங்களில் அவ்விடம் வெறுமையாக இராது, வேறொருவர் ஆடுவார். அவர் ஆட்டத்துக்கு ஒரு மதிப்பெண் ஈட்டினாலும் மொத்தம் 50 ஆகிறது. அந்த மாற்றாள் எதற்கும் உதவாதவரானால் 40-லேயே நிற்கும். ஆகவே கழகம் வாங்குவது தனியொருவரை அன்று. அவரையும் அவருக்குப் பதிலாக நிற்பவரையும் சேர்த்தே வாங்குகிறது. மாற்றாள் இல்லாத கழகம், தேறாத காலுடையவரை, "இந்த ஒரே ஆட்டம் மட்டும்" என்று களத்தில் தள்ளும். அன்றோடு கணக்கு முழுவதும் கவிழும்.

ஆதலின் என் விடை இது: அத்தகைய ஆட்டக்காரரைச் சேர்க்கலாம், ஆனால் மூன்று உறுதிகள் இருத்தல் வேண்டும். முதலாவது, களமிறங்கும் நாளைக் குறிப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும். பயிற்சியாளரோ, அரங்கில் கூவும் கூட்டமோ ஆகாது. இரண்டாவது, தகுதியுள்ள மாற்றாள் அணியில் இருக்க வேண்டும். மூன்றாவது ஊதியத்தைப் பற்றியது. ஆடிய நாளுக்கு மட்டும் கூலி என்பது கழகத்துக்கு ஆதாயமாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு ஒப்பந்தம் செய்தால் ஆட்டக்காரர் தம் வலியை மறைப்பார். மறைத்த வலி பெருங்காயமாய் முடியும். எனவே வாழ்வுக்குப் போதுமான நிலையான ஊதியம் அவருக்கு இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத கழகம், எத்துணைப் பெருந்திறனாளராயினும் அவரை வாங்காதிருப்பதே இரு திறத்தார்க்கும் நன்மை.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தலைமையாசிரியனாக இருந்த நாளில், ஒரு மாவட்டப் போட்டியின் இறுதியாட்டத்தன்று எங்கள் அணியின் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. "ஆடுவாயா, தம்பி?" என்றேன். "வலி இல்லை, ஐயா" என்றான். அவன் சொன்னது மெய்யன்று என்பது அவன் நடையிலேயே தெரிந்தது. எனினும் நம்பினேன், கேடயத்தின்மேல் கண் இருந்தது. இரண்டாம் பாதியில் அவன் விழுந்தான். கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. அவன் அதற்குப் பின் ஓடி நான் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து உப்பளத்து வரப்பில் அவனைக் கண்டேன். தலையில் உப்புக் கூடையுடன் வந்தவன் என்னைக் கண்டு சிரித்தான். இடக்காலை ஊன்றுமுன் ஒரு கணம் தயங்கினான். பிழை அவனுடையதன்று, என்னுடையது.

நீங்கள் நாளை ஓர் அணியின் தலைவராகலாம், ஆசிரியராகலாம், கழகமொன்றை நடத்துபவராகவும் ஆகலாம். அப்பொழுது காயமுற்றவனிடம் "ஆடுவாயா?" என்று கேளாதீர்கள். ஆட்டத்தை நேசிப்பவன் ஆடுவேன் என்றுதான் சொல்வான். "மருத்துவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள், அவர் பொறுக்கச் சொல்லியிருந்தால் பொறுத்திருங்கள்.