சுண்ணாம்பு நீர் கற்பிக்கும் பாடம்

தெளிந்த சுண்ணாம்பு நீரில் மாணவர் குழல்வழி ஊதினால் அது பால்போல் வெண்மையாகிறது. மூச்சிலுள்ள கரியமில வாயு, கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுவதே காரணம். வெள்ளையடித்த சுவர் சில நாட்களில் இறுகிப் பளபளப்பதும் இவ்வினையாலேயே. 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு 44 கிராம் வாயுவைப் பிணைக்கிறது.

ஆயின், ஆசிரியர் இத்துடன் நிறுத்தலாகாது. அச்சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியசில் காளவாயில் சுடும்போது அதே 44 கிராம் வாயு வெளியேறிவிடுகிறது. எரிபொருளிலிருந்தும் மேலும் வாயு சேர்கிறது. எனவே, காளவாயில் வெளிப்படும் வாயுவைப் பிடித்துச் சேமித்து, வெப்பத்தையும் கரி உமிழாத ஆற்றலால் அளித்தாலன்றிக் காற்றிலுள்ள கரியமில வாயு குறையாது.

2070-ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. அக்கணக்கை நேர்செய்ய வேண்டிய தலைமுறைக்கு, வரவுடன் செலவையும் எழுதக் கற்பிப்பது பள்ளியின் கடமையாகும்.