தீமுடிச் சிட்டின் தீவு

சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 670 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் இருக்கிறது ராபின்சன் குரூசோ தீவு. ஹம்மிங்பேர்டு எனப்படும் ரீங்காரச் சிட்டுகளில் ஓர் இனம், ஹுவான் பெர்னாண்டஸ் தீமுடிச் சிட்டு, இன்று இங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

ஆணுக்குத் துருச் சிவப்பு. வெயில் பட்டால் உச்சந்தலை தணலாய் மின்னும். பெண்ணுக்கு முதுகு பச்சை, வயிறு வெள்ளை, தலையில் நீலம். 1831-இல் இதை விவரித்த பிலிப் பார்க்கர் கிங், இரண்டும் வேறு வேறு இனம் என்று நினைத்துத் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார்!

1574-இல் மாலுமி ஹுவான் பெர்னாண்டஸ் இந்தத் தீவுகளைக் கண்டபோது இங்கே மனிதர் இல்லை. ஆடு, எலி, பூனை எதுவும் இல்லை. மலைச்சரிவெல்லாம் லூமா மரக்காடு. பின்னால் வந்த கப்பல்காரர்கள் இறைச்சிக்கென்று ஆடுகளை விட்டார்கள். 1704 முதல் 1709 வரை இங்கே தனியே கிடந்த அலெக்சாண்டர் செல்கிர்க் அந்த ஆடுகளால்தான் பிழைத்தார். காட்டின் பெரும்பகுதி பிழைக்கவில்லை. நம் சந்தனத்தின் நெருங்கிய உறவான மரம் ஒன்று இங்கே வளர்ந்தது. அதையும் வெட்டித் தீர்த்தார்கள். கடைசி மரத்தை ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் 1908-இல் படம் பிடித்தார். மேற்கே உள்ள பக்கத்துத் தீவிலும் இதே சிட்டு வாழ்ந்தது. அதே 1908-க்குப் பிறகு அங்கே அது கண்ணில் படவில்லை.

இன்று பெரிய எதிரி, வெளியிலிருந்து வந்த முட்புதரான பிளாக்பெர்ரி. காட்டில் பெரிய மரமொன்று சாய்ந்தால் அந்த வெளிச்சத்தில் லூமா கன்று எழ வேண்டும். அதற்குள் முட்கொடி படர்ந்து மூடிவிடுகிறது. பெண் சிட்டு கூடு கட்ட நாடுவது லூமாக் கிளையைத்தான். பூந்தேனுக்காகத் தாழ வந்தால் பூனை காத்திருக்கிறது.

அதனால் சான் ஹுவான் பாவ்டிஸ்டா கிராமத்துத் தோட்டங்களில் நிற்கும் முட்டைக்கோஸ் மரங்கள் இப்போது அதற்குப் பெரிய ஆதரவு. கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் அந்த ஆரஞ்சுப் பூக்களுக்குச் சிட்டுகள் வீட்டு வாசல்வரை வருகின்றன. அந்த மரமும் இந்தத் தீவுகளுக்கே உரியது, அதுவும் அருகிவிட்டது.

சிலியின் வனத்துறையான கோனாஃபும் ஓய்கோனோஸ் என்ற தன்னார்வ அமைப்பும் ஊர்மக்களோடு சேர்ந்து முட்புதரைக் கையால் வெட்டுகிறார்கள், தீவுக்கே உரிய மரக்கன்றுகளை நடுகிறார்கள். வெட்டிய இடத்தில் முள் மறுபடி துளிர்க்கிறது. மறுபடி வெட்ட வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கான பணத்தையும் ஆட்களையும் சிலி அரசு ஒரு வருடம்கூடக் குறைக்கக் கூடாது.