மருந்தில்லா மாத்திரை தந்த விடை

நோயாளி மருந்துண்பதில் வியப்பொன்றும் இல்லை. வலி அவனை உந்துகிறது, பிழைக்க வேண்டுமென்ற ஆசை கசப்பை மறக்கச் செய்கிறது. ஆனால், சரீரத்தில் யாதொரு வியாதியும் இல்லாத ஒருவர், உள்ளே இருப்பது மருந்துதானா என்பதைக்கூட அறியாமல், தினந்தோறும் ஒரு மாத்திரையை விழுங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து, தம் அந்தரங்க வாழ்க்கையின் செய்திகளை அந்நியர் ஒருவரிடம் சொல்லியும் வருவாரென்றால், அவருக்கு உலகம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்று நாம் சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

2007ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐபிரெக்ஸ்' என்னும் ஆராய்ச்சிக்கு அவ்வாறு முன்வந்தவர்கள் 2,499 பேர். பெரு, ஈக்வடார், பிரேசில், தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கையருமாகிய அவர்கள், ஊராரின் இகழ்ச்சியைப் பலகாலம் சுமந்தவர்களாயினும், ஊருக்கு உதவும் காரியத்துக்குத் தங்கள் உடம்பை ஒப்புவித்தார்கள்.

எச்.ஐ.வி. கிருமி மனித உயிரணுவுக்குள் புகுந்ததும் தன் மரபுச் செய்தியைப் பிரதி எடுத்துக்கொண்டுதான் அங்கே நிலைபெறுகிறது. அந்தப் பிரதி எடுக்கும் வேலையைத் தடுக்கும் டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்னும் இரு மருந்துகள் நோயாளிகளுக்கு ஏற்கெனவே பயன்பட்டு வந்தன. நோய் வந்தபின் காக்கும் மருந்து, வருமுன்னும் காக்குமா என்பதே கேள்வி. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தேர்ந்து, பாதிப் பேருக்கு மருந்தும், மற்றப் பாதிப் பேருக்கு நிறத்திலும் வடிவிலும் வேறுபாடற்ற வெறும் மாத்திரையும் அளித்தார்கள். யாருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் வைத்தியருக்கும் தெரியாது.

ஆராய்ச்சி என்றவுடன் கிருமியை உடம்பில் செலுத்திப் பார்ப்பார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. அப்படிப்பட்ட செயல் எதுவும் இதில் இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் பரிசோதனை செய்து, ஆணுறை கொடுத்து, பிற பால்வினை நோய்கள் இருந்தால் சிகிச்சையும் அளித்து, எச்சரிக்கையாக இருக்கும்படி புத்தி சொல்லி அனுப்பினார்கள். சிலருக்கேனும் நோய் தொற்றினாலொழிய விடை கிடைக்காது என்று அறிந்திருந்தும், ஒருவருக்கும் தொற்றக்கூடாதென்று பாடுபடுவதே அவர்களுடைய தர்மமாயிருந்தது. இந்தத் தர்மசங்கடத்தை நேர்மையோடு தாங்கும் ஆராய்ச்சியே மனிதரை அழைக்கும் யோக்கியதை உடையது.

2010 நவம்பரில் முடிவு வெளிவந்தது. ஆராய்ச்சிக் காலத்தில் தொற்றுக்கு ஆளானவர்கள், வெறும் மாத்திரை உண்டவர்களில் 64 பேர். மருந்து பெற்றவர்களில் 36 பேர். அபாயம் 44 சதவீதம் குறைந்தது. ஆனால் மருந்து பெற்றும் நோயுற்றவர்களுள் 34 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 3 பேரிடம் மட்டுமே மருந்தின் சுவடு தென்பட்டது. மாத்திரை தோற்கவில்லை, அவர்களில் பெரும்பாலோர் அதை உண்ணவில்லை.

தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள் பங்குகொண்ட 'வாய்ஸ்' என்னும் ஆராய்ச்சியில் இந்த உண்மை இன்னும் உரக்க ஒலித்தது. தவறாமல் உண்டு வருவதாகவே பெரும்பாலோர் சொன்னார்கள்; மாத்திரை பெற்றவர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கில்கூட மருந்து காணப்படவில்லை. அவர்களைப் பொய்யர் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. மாத்திரைப் புட்டியைக் கண்டால் தன்னையே நோயாளி என்று வீட்டாரும் அயலாரும் எண்ணிவிடுவார்களே என்று அஞ்சும் பெண், 'இந்த மாதம் உண்ணவில்லை' என்று சொன்னால் கடிந்துகொள்வார்களோ என்றும் அஞ்சுவது இயல்பல்லவா? உண்மையைச் சொல்லப் பயமில்லாத இடத்தை அமைத்துக் கொடுப்பது கேட்பவரின் கடமை.

நம்பிக்கை என்பது ஒருவழிப் பாதையன்று. 2004இல் கம்போடியாவில், பாலியல் தொழில்புரியும் பெண்களிடையே இத்தகைய ஆராய்ச்சி ஒன்று தொடங்கவிருந்த சமயத்தில், மருந்தால் பின்னாளில் தீங்கு நேர்ந்தால் தங்களைப் பராமரிக்க ஏற்பாடு என்ன என்று அப்பெண்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் திருப்தியான மறுமொழி கிடைக்கவில்லை. முடிவில் அந்நாட்டுப் பிரதமரே அதை நிறுத்திவைத்தார். ஏழைகள் கேட்ட அந்தக் கேள்வி, உடம்பைத் தருகிறவர் கேட்டே தீரவேண்டிய கேள்வி. அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவதற்கே சம்மதம் என்று பெயர்.

ஐபிரெக்ஸ் ஆராய்ச்சி முடிந்தபின், வெறும் மாத்திரை உண்டவர்கள் உட்பட இரு தரப்பாருக்கும் உண்மையான மருந்தையே அளிக்க முன்வந்தார்கள். அதை ஏற்றவர்களுள், வாரத்துக்கு நான்கு மாத்திரைக்குக் குறையாமல் உண்டதாக ரத்தம் சாட்சி சொன்ன காலத்தில், ஒருவருக்கும் கிருமி தொற்றவில்லை. 2012 ஜூலையில் அமெரிக்க அரசாங்கம் இம்மருந்தை நோய்த்தடுப்புக்கு அங்கீகரித்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அபாயம் மிகுந்தோர் அனைவருக்கும் இதைப் பரிந்துரைத்தது.

இன்று எங்கோ ஒரு வீட்டில், தண்ணீர்க் குவளையோடு அந்த மாத்திரையை ஐயமின்றி எடுத்துக்கொள்ளும் இளைஞருக்கு, அந்த அறுபத்துநால்வரின் பெயர் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஆனால் முப்பத்தாறு என்ற எண் தனியே நின்றால் அதற்குப் பொருளில்லை. அதன் பக்கத்தில் அறுபத்துநான்கு நின்றபோதுதான் அது மருந்தின் வெற்றியாயிற்று. மருந்தில்லா மாத்திரையை விழுங்கியவர்கள் தந்த அந்தப் பாதி விடையை நன்றியோடு நினைப்பது நம் கடன்.